ஆவடியில் கேட்கக் கூடாத கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் ஆவடிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். தலைக்குப் பத்து ரூபாய். காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து எழுதியவர்கள் ஏராளம். ஆவடிக்குப் போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. சென்னைக்காரர்களிலேயே பாதிப் பேர் அந்தப் பெயரை ரயிலின் நெற்றியில்தான் பார்த்திருப்பார்கள்.

நான் திருச்சிக்காரன். கனடாவில் மானிட்டோபா மாகாணத்தில், பெருநகரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று, இப்போது என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்த சேகருடையது.

சேகர் எங்கள் ஊரின் மேயர். கேட்கப் பெரிதாக இருக்கும். மொத்த ஊரையும் அம்பத்தூர் ரயில்நிலையப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிடலாம், இடமும் மிச்சமிருக்கும். ஆவடியில் பிறந்து வளர்ந்தவன், கணக்கு வாத்தியாராகக் கனடாவுக்கு வந்தான். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சில வருடம் பாடம் நடத்தினான். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்தான். சண்டை நடந்த ஒரு பாலைவன நாட்டுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பி வந்து, சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, தேர்தலில் நின்றான். முதல் முறை தோற்றான், அடுத்த முறை ஜெயித்தான். பனி அள்ளுவதில் தொடங்கி நாய் உரிமம் வரைக்கும் இப்போது அவன்தான் கவனிக்கிறான்.

இத்தனையும் செய்தவனுக்கு அன்று காலை பயம். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் அவனே வாய்விட்டுச் சொன்னான்.

"தனியா போக முடியாது ரகு. அதான் உன்னை இழுத்துகிட்டு வந்தேன்."

"சொந்த அப்பாவைப் பார்க்க உனக்கு எஸ்கார்ட்டா?"

"நீ அவர்கூட போன்ல பேசினதில்லை."

அவனுடைய அப்பா சுப்பையா, ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாத்தூர்ப் பக்கம். இளவயதில் மஞ்சப்பையோடு வந்து, வேலையில் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் வாங்கி, பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவர். சேகர் வாத்தியாராக இருந்தவரைக்கும் போனில் மணிக்கணக்காகப் பேசுவாராம். பள்ளிக்கூடம் எப்படி, பிள்ளைகள் எப்படி, அங்கே பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடம் செய்கிறார்களா என்றெல்லாம் கேட்பாராம். ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டே கேள்விகள்தான். சாப்பிட்டியா? உடம்பு எப்பிடி இருக்கு? பிறகு, இரு, அம்மாகிட்டக் குடுக்கேன். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அதன் பிறகு போன் தங்கை கலாவின் கைக்குப் போகிறது.

"அவர் என்னைத் துரோகின்னு நினைக்கிறார்" என்றான் சேகர். "வாழ்க்கை முழுக்க இந்த நாட்டு ராணுவத்துக்காக உழைச்சவர். ஆகஸ்ட் பதினஞ்சு வந்தா எங்களைக் குளிக்க வெச்சுக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவார். அவர் புள்ளை போய் வேற கொடிக்கு சல்யூட் அடிச்சிட்டான். அதை அவர் வாயால சொல்லிட்டாருன்னாகூடப் போதும். திட்டு வாங்கிட்டுப் போயிடுவேன். சொல்ல மாட்டேங்கிறார்."

நாளை மறுநாள் அவனுக்கு விமானம். அப்பாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாகப் பின்னால் போகப்போக, அந்த முடிவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு வந்த அம்மாவிடம் தேவையே இல்லாமல் ஒரு கிலோ வாங்கினான்.

ஒன்பதரை வாக்கில் ஆவடி. அப்பா இப்போது இருப்பது அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில், ஓய்வு பெறும்போது கட்டிய வீட்டில். அம்பத்தூரில் இறங்கியிருந்தால் அங்கே போவது பக்கம். ஆனால் சேகருக்கு முதலில் குவார்ட்டர்ஸைப் பார்க்க வேண்டுமாம். நேரம் கடத்துகிறான் என்று தெரிந்தும் சரி என்றேன். ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

ஆவடி எனக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்டேஷன் பக்கத்து நெரிசலைத் தாண்டிவிட்டால் திடீரென்று அகலமான சாலை, தூங்குமூஞ்சி மரங்கள், நீளமான மதில்கள். மதிலுக்கு மதில் ஒரு பலகை: படம் எடுக்காதே, நிற்காதே, நுழையாதே. சுற்றுலாப் பயணிக்கு இதைவிட நேர்மையான வரவேற்பு கிடைக்காது. ஆனால் மதிலுக்கு மேலே தெரியும் மாடிகளில் வடாம் காய்ந்தது, பள்ளிச் சீருடைகள் தொங்கின, எங்கோ யாரோ வயலின் பழகிக்கொண்டிருந்தார்கள். பிழையாகத்தான்.

குடியிருப்பின் வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். சேகர் கனடா பாஸ்போர்ட்டை நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபாரின் ஆளுன்னா மேல கேட்டுத்தான் வுடணும். இன்னிக்கு ஆபீஸ் லீவு."

"நான் இங்கேதான் பொறந்தேன். அதோ அந்தத் தண்ணி டேங்குக்குப் பின்னாடி, டைப் டூ குவார்ட்டர்ஸ்ல."

"தெரியுது சார். பேச்சுலயே தெரியுது. ஆனா ரூல்ஸு..."

சேகர் சண்டை போடுவான் என்று நினைத்தேன். "கரெக்ட்தான். உங்க இடத்துல நான் இருந்தாலும் விட மாட்டேன்" என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிறந்த வீட்டை மதிலுக்கு வெளியே நின்று பார்க்கும் மனிதனின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது சுகமான காரியமில்லை.

எதிரே ஒரு டீக்கடை. டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகவே இருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? தொழிற்சாலைக்கு உள்ளே என்னதான் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"அத்த எங்கைல கேக்கறியே நைனா" என்று சிரித்தார் அவர். "முப்பது வருசமா டீ ஆத்திகினு கீறேன். போனஸு பேசுவாங்க, யூனியன் பேசுவாங்க, கேன்டீன்ல வடை சின்னதாயிட்ச்சின்னு பேசுவாங்க. உள்ள இன்னா வேலைன்னு ஒர்த்தரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா அடுத்த கடைக்குப் பூடுவாங்க."

சேகரும் சிரித்தான், அன்றைக்கு முதல் முறையாக. "எங்க வீட்லயும் அதே கதைதான். அப்பா எந்த வேலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பசங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கவே மாட்டோம். அம்மாக்களும் கேட்க மாட்டாங்க. மதிலுக்குள்ள நடந்தது மதிலுக்குள்ளயே. குவார்ட்டர்ஸ்ல அது ஒரு பழக்கம்."

பத்தரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் பெயர் டேவிட். அயனம்பாக்கத்துக்கு நானூறு கேட்டு முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். பருத்திப்பட்டு வழியாகத் திருவேற்காடு, அங்கிருந்து அயனம்பாக்கம், பத்து கிலோமீட்டருக்குள்தான். திருவேற்காட்டில் கோயில் கூட்டம் சாலைவரை வந்து நின்றது. வேப்பிலைக் கட்டும் எலுமிச்சை மாலையுமாக மஞ்சள் புடவைகள் கடந்துபோக, டேவிட் எஞ்சினை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சார்ங்க இன்னா, வெளியூரா?"

"இவர் கனடாவில் மேயர்" என்றேன்.

டேவிட் கண்ணாடியில் சேகரை ஒருமுறை அளந்தார். "மேயருன்னா முன்னால பின்னால நாலு வண்டி வரணுமே. நீ என்னா சார், என் வண்டில குந்திகினு கீற?"

ஏரிக்கரையில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. இருபக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருவில் வெள்ளையடித்த சின்ன மாடி வீடு. டேவிட் தன் எண்ணைக் கொடுத்து, மாலையில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் கூப்பிடச் சொன்னார். வாசலில் கலா நின்றிருந்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டையில், ஒல்லியாக நிமிர்ந்து நின்றார் சுப்பையா.

"வாப்பா. சாப்பிட்டியா?" என்றார்.

சேகர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாடு ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம். இலை போட்டுக் கலா பரிமாறினாள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், சுப்பையா பேசாத மனிதரே அல்ல. என்னிடம் திருச்சியைப் பற்றிக் கேட்டார். ஏரித் தண்ணீர் எந்த வருடம் எதுவரை ஏறியது என்று கையால் சுவரில் காட்டினார். சேகரிடமும் பேசினார். பனிக்காலத்தில் உங்க முனிசிபாலிட்டி குப்பையை எப்படி எடுக்கும்? தெருவிளக்குக்கு யார் பொறுப்பு? நீ பாடம் நடத்தின பிள்ளைகளில் யாராவது இப்போது வோட்டுப் போடுகிறார்களா? அந்தக் கேள்விக்குச் சேகர் சொன்ன பதிலைக் கேட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அவனிடம் கணக்கில் ஃபெயிலான பையன்தான் இப்போது நகராட்சிக்குப் பொருளாளர்.

வாத்தியாரைக் கேட்டார், மேயரைக் கேட்டார். நடுவில் இருந்த அந்த வருடங்களை மட்டும், பல் போன இடத்தைத் தாண்டும் நாக்குப்போலத் தாண்டித் தாண்டிப் போனார். சேகர் ஒருமுறை, "நான் ஆர்மில இருந்தப்ப..." என்று ஆரம்பித்தான். அவர் உடனே, "கலா, அண்ணனுக்கு ரசம் ஊத்து" என்றார்.

கைகழுவிவிட்டு வந்தவன் கூடத்துச் சுவர் முன்னால் நின்றான். வரிசையாகப் படங்கள். பட்டமளிப்பு, கல்யாணம், வகுப்பறையில் பிள்ளைகளோடு, கழுத்தில் மேயர் பதவிச் சங்கிலியோடு. சீருடையில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிய படம் இல்லை.

"பார்த்தியா?" என்றான் மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சுப்பையாமீது கோபம் வந்தது. இவ்வளவு சிரிக்கத் தெரிந்த மனிதர் பெற்ற பிள்ளையை இப்படியா வதைப்பார் என்று.

மாலை ஐந்து மணிக்கு மூவரும் ஏரிக்கு நடந்தோம். சென்னையில் இவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கரைமேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்க, மற்ற இடமெல்லாம் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. எதிர்க்கரையில் புதுக் கட்டடங்கள். காற்று நன்றாக வந்தது. சுப்பையா கேன்வாஸ் ஷூவில் எங்களைவிட வேகமாக நடந்தார், தெரிந்தவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே. ஒரு சுற்று முடிந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

சேகர் வாயைத் திறந்தான். "அப்பா, வாக்கிங் தினம் வருவீங்களா?" என்று கேட்டான். அடப்பாவி, இதைக் கேட்கவா கனடாவிலிருந்து வந்தாய்? எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நான் வெளி ஆள். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க" என்றேன். "இவன் அத்தனை வருஷம் ராணுவத்தில இருந்தான். அதைப் பத்தி நீங்க இவனை ஒரு வார்த்தை கேட்டதில்லையாமே. ஏன்?"

சேகர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். சுப்பையா திரும்பி, நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

"அதை எப்பிடித் தம்பி கேக்கிறது?"

"ஏன் கேட்கக் கூடாது?"

"ராணுவத்து வேலைல்லா?" அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நான் உள்ள என்ன வேலை பாத்தேன்னு இவன் அம்மாவுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் அவ கேட்டதில்ல. அதுதான் அவ எனக்குக் குடுத்த மரியாதை. இவனும் அந்த மாதிரி வேலைக்குப் போயிட்டான். அந்த மரியாதையை நான் இவனுக்குக் குடுக்க வேண்டாமா?"

சேகர் எழுந்து நின்றுவிட்டான். "நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்ப்பா. வேற நாட்டுக் கொடிக்கு சல்யூட் அடிச்சேன்னு."

"சோறு போடுத நாட்டுக்கு சல்யூட் அடிக்காம?" என்றார். "கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். வாத்தியார் வேலையை விட்டதுக்கு. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கவன் எதுக்கு அங்க போகணும்னு ரொம்ப நாள் தூக்கமில்ல. அது வேற."

"அப்புறம் ஏன் போன்ல பேசவே இல்ல?"

"என்னத்தப் பேச? எங்க இருக்கன்னு கேட்டா நீ சொல்லக் கூடாது. பெத்தவன் கேக்கானேன்னு ஒரு பொய் சொல்லுவ. பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கணுமா? சாப்பிட்டியான்னு கேட்டா அதுக்குப் பொய் வேண்டாம்லா."

"அந்த போட்டோ?"

"என் ரூம்ல, கட்டிலுக்கு நேரா இருக்கு. கூடத்துல மாட்டினா கேஸ் சிலிண்டர் போடுறவன்லருந்து கேபிள்காரன் வரைக்கும் இது யாரு, எங்க இருக்காருன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

காலையில் டீக்கடையில் அந்தப் பழக்கத்தைச் சிரித்துச் சிரித்து எனக்கு விளக்கியவன் சேகர்தான். அதே பழக்கம் தன்மேலேயே இத்தனை வருடமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. கணக்கு வாத்தியார் வேறு. அவன் மீண்டும் உட்கார்ந்தான், இந்த முறை அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில். யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சுப்பையா தன் துண்டை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் முகம் துடைத்துக்கொண்டான்.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே நவம்பர் மாதத்தில் போர் வீரர்களை நினைக்கும் நாள் ஒன்று உண்டு. கல்தூணுக்கு முன்னால் ஊரே குளிரில் கூடும். சின்னப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்பார்கள்: அங்கே என்ன நடந்தது, யாரையாவது சுட்டீர்களா, பயமாக இருந்ததா? எல்லாருக்கும் கேட்க ஆசை, கேட்பதுதான் அங்கே மரியாதை. சேகர் மேயராக மேடையேறி இரண்டு வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அவன் மனைவியிடம்கூட எதுவும் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். அவன் தூக்க மாத்திரை வாங்குவது என் கடையில்தானே, காரணத்தை அவள் என்னிடம்தான் கேட்பாள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் குடியேறியும் அவன் குவார்ட்டர்ஸ் பிள்ளையாகவேதான் இருந்திருக்கிறான் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இருட்டுவதற்குள் அம்பத்தூருக்குப் போய்விடலாம் என்று டேவிட்டுக்குப் போன் செய்தேன். ஏரிக்கரைக்கே வருவதாகச் சொன்னார். "நீ போ ரகு, நான் நாளைக்கு வர்றேன்" என்றான் சேகர். ஆட்டோ வந்து கரைக்குக் கீழே நின்றது. நான் எழுந்து சுப்பையாவுக்குக் கைகூப்பினேன். அவர் பதிலுக்குக் கூப்பினார், ஆனால் கவனம் என்மேல் இல்லை.

"சேகரு" என்றார். "இப்பக் கேக்கலாமா? சொல்லக் கூடாதுன்னா வேண்டாம்."

"கேளுங்கப்பா. எதுவேணா கேளுங்க."

போக மனமில்லாமல் நின்றேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்பதைத்தான் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ போனது வண்டியிலதான?"

"ஆமாப்பா. கவச வண்டி."

"உள்ள உக்காந்திருந்தப்ப எப்பவாச்சும் அடி வாங்குச்சா?"

சேகர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னான். "ஒரு தடவை. ரோட்டுல குண்டு புதைச்சு வெச்சிருந்தாங்க. நேரா எங்களுக்குக் கீழயே வெடிச்சுது. நாலு பேர் இருந்தோம். டிரைவருக்கு ஒரு காது போச்சு. எனக்கு இடுப்புல அடி. நாலு பேரும் நடந்து வெளிய வந்துட்டோம்."

"அடித்தகடு?"

"வளைஞ்சுது."

"பிளக்கல?"

"பிளக்கலப்பா."

"வெல்டிங்கு?"

"நின்னுச்சு."

சுப்பையாவின் இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன. அவற்றில் தீப்பொறி தெறித்ததுபோல் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள் நிறைய இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் உள்ளே என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, சேகரும் கேட்கவில்லை. அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அந்த வெல்டிங் போட்டவன் எந்த ஊர்க்காரனோ" என்றார். "அவன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்."